பொட்டு வைத்த பம்பு

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு ஷெட் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் திருவொற்றியூரின் உப்புக் காற்று. நான் அதை கேரேஜ் என்பேன். என் மனைவி ‘அந்த எடம்’ என்பாள். தெருவில் அதற்கு ஐ.சி.யூ. என்று பெயர். உள்ளே ஒரு வண்டி போவதைப் பார்த்துவிட்டால் போதும், டீக்கடை பெஞ்சிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்.

“இன்னா மாமு, கேஸு சீரியஸா? சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்ட்டியா?”

எனக்கு இதில் கோபம் வராது. நன்றாகச் சொல்லப்பட்ட எதன் மேலும் எனக்குக் கோபம் வந்ததில்லை, அது என்னைப் பற்றியதாகவே இருந்தாலும். மனிதர்கள் வாயிலிருந்து சும்மா விழுகிற வார்த்தைகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வது ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை. மெக்கானிக் வேலை நானாகக் கற்றுக்கொண்டது. அதன் லட்சணத்தைப் போகப் போகப் பார்ப்பீர்கள்.

சம்பளத்துக்கு நான் பார்ப்பது கண்டெய்னர் யார்டில் எடைமேடை வேலை. லாரி மேடையில் ஏறும், எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பேன், லாரி இறங்கும். வரிசையில் நிற்கிற டிரைவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். ஒருவர் பானெட்டைத் திறப்பார். அக்கம்பக்கத்து லாரிக்காரர்கள் எல்லாரும் தலையை உள்ளே விடுவார்கள். கடைசித் தலை என்னுடையது. இப்படிக் காது வழியாக வந்த வித்தை என்பதால், எந்த இன்ஜினைப் பற்றியும் நான் நன்றாகப் பேசுவேன். இதை ஒரு டிரைவர் ரொம்ப நாளைக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்.

“நீ பேசுனா வண்டி தானா ஸ்டார்ட் ஆவுற மாதிரி கீது நைனா. கைய மட்டும் வெச்சிராத.”

கையை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். என் ஸ்கூட்டர், மச்சானின் பைக், எங்கள் பழைய வேன், எதுவும் தப்பவில்லை. தப்பியது ஒன்றே ஒன்று: வீட்டிலிருக்கும் பெரிய கிரைண்டர். என் மனைவி இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அந்த கிரைண்டர்தான் எங்கள் வீட்டின் உண்மையான சம்பாத்தியக்காரர். ஒருநாள் அதன் மோட்டார் லேசாக முனகியபோது நான் ஸ்க்ரூ டிரைவரோடு கிட்டே போனேன். அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள், அவ்வளவுதான். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அவளுக்கு மீஞ்சூர் தாண்டி அரை ஏக்கர் நிலம் உண்டு. அவள் அப்பா பங்கு பிரித்தபோது வந்தது. பக்கத்துப் பங்கு அவள் அண்ணனுடையது. இத்தனை வருஷமும் இரண்டையும் சேர்த்து அண்ணனே குத்தகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். இந்த வருஷம் அவள் திடீரென்று, என் பங்கில் நானே நெல் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அண்ணன் சிரித்தார். சிரித்துவிட்டு ஒரு கெடுவும் வைத்தார்.

“மாவு விக்கிறவ நெல்லு போடப் போறியா? போடு, போடு. இந்த ஒரு போகம் பாரு. வரலன்னா பேசாம என் பங்கோட சேத்து வுட்டுடு. அப்புறம் நிலம் கிலம்னு பேச்சு எடுக்கக் கூடாது.”

“சரி” என்றாள் அவள். அந்தச் சரி எனக்குப் புரிந்தது. அகப்பையைக் கீழே வைத்தாளே, அதே மாதிரியான சரி.

விதை நெல்லை மாவு ஊற்றுகிற டிரம்மிலேயே ஊற வைத்தாள். கோணியில் கட்டி, முளை விட்டதும் ரயிலில் கொண்டுபோய், வயலின் மேல் மூலையில் நாற்றங்கால் அமைத்து, தானே விதைத்தாள். முளைத்தது. தினமும் காலையில் எனக்குக் காபி வருவதற்கு முன்னால் நாற்றைப் பற்றிய செய்தி வரும். அது அவள் பெற்ற பிள்ளை. நான் தகப்பன் மாதிரி நடந்துகொள்ள வேண்டியவன்.

இங்கேதான் என்னுடைய திட்டம் குறுக்கே வந்தது.

நிலம் என்றால் அதற்கென்று ஒரு காலண்டர் இருக்கிறது. என் ஷிஃப்ட்டைப் பற்றியெல்லாம் அது கவலைப்படாது. ஆடிக் காற்றில் சாய்ந்த வேலியை நிமிர்த்த வேண்டும். மழைக்கு முன்னால் தென்னையில் தொங்குகிற காய்ந்த மட்டைகளைக் கழிக்க வேண்டும், முருங்கைக் கிளைகளைத் தறிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வயல் தண்ணீர் கால்வாய்க்கு வடிகிற வாய்க்காலைத் தூர் வார வேண்டும். போன மழையில் சரிந்த மண்ணும் கோரையும் அதை அடைத்துக் கிடந்தன. வேலியையும் முருங்கையையும் அவளே போய்ப் பார்த்துவிட்டாள். மட்டை கழிக்க மரம் ஏறுகிறவரைப் பிடித்துவிட்டாள். வடிகால் மட்டும் இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. இரண்டாவது ஆள் நான்.

நான் சொன்னது இதுதான். மண்வெட்டி, கடப்பாரை, மண் அள்ளுகிற பாண்டு எல்லாம் ஏற்றிப் போக வேன் வேண்டும். வேன் ஏற்கெனவே இருமிக்கொண்டிருக்கிறது, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஆகவே முதலில் கேரேஜ், அப்புறம் வயல். கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள். ஒவ்வொரு ஞாயிறும் நான் வேனுக்கு அடியில் படுத்திருந்தேன், ஒவ்வொரு ஞாயிறும் அவள் மின்சார ரயிலில் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.

“ரயிலு இன்னா ரிப்பேரா கீது?” என்று ஒருநாள் கேட்டாள். “மம்முட்டிய கையில தூக்கினு போனா ஏத்த மாட்டேன்றானா?”

“அடுத்த ஞாயித்துக்கெழம வேன்லயே போலாம்மே.”

வேன் ஒரே ஒரு முறை போயிற்று. போய், வயல் கொட்டகையில் இருந்த சின்ன பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தது. பெட்ரோலில் கிளப்பி கிருஷ்ணாயிலில் ஓடுகிற பம்பு, இரண்டு பேர் தூக்கலாம். அதற்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்கு ஆத்திரம்.

“நல்லா ஓடிகினுகீற பம்ப எதுக்குய்யா தூக்கினு வர்ற?”

கோபம் இல்லாதபோது அவள் என்னை ‘இன்னாங்க’ என்பாள். ‘ய்யா’ வந்தால் நான் கவனமாகப் பேச வேண்டும்.

“ஓடும்போது பாத்தா அது சர்வீசும்மே. நின்னப்புறம் பாத்தா ரிப்பேரு.”

இந்த வாக்கியம் எனக்கே பிடித்துப்போய், மறுநாள் யார்டில் எல்லா லாரிக்காரர்களிடமும் சொன்னேன். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அது தீபாவளிக்குக் குறைந்ததல்ல. பட்டறை, லேத், ஆட்டோ ஸ்டாண்டு எல்லாவற்றிலும் வாழைக்கன்று கட்டி, ஸ்பேனரிலிருந்து கிரேன் வரைக்கும் சந்தனம் பூசிவிடுவார்கள். மற்றவர்கள் வண்டியை வெளியே கழுவிப் பொட்டு வைத்ததோடு விடுவார்கள். எனக்கு அது போதவில்லை. வெளியே மட்டும் கழுவி உள்ளே அழுக்கோடு சாமிக்கு முன்னால் நிறுத்துவது எப்படி நியாயம்? முந்தின நாளே பம்பை முழுசாகப் பிரித்தேன். வேனின் கார்புரேட்டரையும் பிரித்தேன். எல்லாவற்றையும் கிருஷ்ணாயிலில் கழுவி, கழற்றிய வரிசைப்படியே பேப்பர் மேல் பரப்பினேன். அந்த வரிசை ஒன்றுதான் இதில் எனக்கிருந்த ஞானம். கடைசியில் கழற்றியதை முதலில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் பேப்பரைக் காணோம். ஷெட்டின் நடுவில் பெரிய தலைவாழை இலை. அதில் பாகங்கள் எல்லாம் ஒரு கோலமாக உட்கார்ந்திருந்தன. பெரிய போல்ட்டுகள் சுற்றிலும் வட்டமாக, சின்னவை உள்வட்டமாக, நடுவில் வேனின் கார்புரேட்டர், அதன் தலையில் ஒரு சாமந்தி. ஒவ்வொரு நட்டுக்கும் தனித்தனியாகச் சந்தனம், குங்குமம். இலையோரமாக ஸ்பேனர்கள், மண்வெட்டி, அவளுடைய அகப்பை. முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் உருளாமல் நேராக உட்கார்ந்திருந்தது. அது எப்படி நிற்கிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

“பேப்பர்ல கெடந்தா பூஜ மாதிரியா கீது? அழுக்குத்துணி காயப்போட்ட மாதிரி இருந்துச்சி” என்றாள். “இப்ப பாருங்க.”

பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. எந்த போல்ட் எதற்கு என்பது மட்டும் இனி கடவுளுக்குத்தான் வெளிச்சம். பரவாயில்லை, நாளைக் காலை வரை யோசிக்க நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும், அதுவரை தொடக் கூடாது. எங்கள் வீட்டில் அந்தச் சட்டத்தைக் காப்பவள் அவள்தான். ஒரு வருஷம் ஸ்கூட்டர் சாவியைப் பூஜையில் வைத்துவிட்டு, நான் வேலைக்கு நடந்து போயிருக்கிறேன்.

விடியற்காலையிலிருந்தே மழை. கற்பூரம் காட்டி, பொரி கடலை தின்று, வாசலில் பூசணிக்காய் உடைத்தபோது அது மழைத்தண்ணீரிலேயே மிதந்து போயிற்று. மத்தியானம் அவள் போன் அடித்தது. வயலுக்குப் பக்கத்து வயல்காரர், பெரியவர். ஸ்பீக்கரில் போட்டாள்.

“இன்னாம்மா, வடிகாலு அடைச்சிகினுகீது. தண்ணி எங்கயும் போவல. நாத்து கழுத்து வரிக்கும் நிக்கிது. இன்னொரு மழ புடிச்சா முழுவிடும். நாளைக்கு வெயிலு வந்திச்சின்னா வெந்திரும். அந்தப் பம்ப எட்தாந்து போடுங்க.”

அவள் போனை வைத்துவிட்டு இலையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பம்பு குங்குமத்தோடு ஜம்மென்று படுத்திருந்தது, துண்டு துண்டாக.

“நான் போய் வேற பம்பு கேட்டுகினு வர்றேன்” என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் முகத்தை அதிக நேரம் பார்க்கத் தைரியமில்லை.

பக்கத்துத் தெருவில் படகு இன்ஜின் பார்க்கிறவர் இருக்கிறார். அவரிடம் எப்போதும் ஒரு பம்பு கிடக்கும். பட்டறை ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே எல்லாவற்றுக்கும் மாலை. அவர் கால் நீட்டி உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“பம்பு கீது தலிவரே. பூஜையில கீது.”

“அவசரம்பா. நாத்து முழுவுது.”

“பம்பு இன்னா, என் கையே பூஜையில கீது, பாரு” என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். நிஜமாகவே இரண்டிலும் பொட்டு. “காலைல நானே வெச்சிகினேன். ஆயுதம்னா இதானே மொத ஆயுதம். நாளைக்குக் காலைல வா, தூக்கினு போ.”

மழையில் நின்றுகொண்டு நான் அந்த வாக்கியத்தை ரசித்தேன் என்றால் நம்புவீர்களா? ரசித்தேன். அப்புறம்தான் நாற்று ஞாபகம் வந்தது.

அடுத்தது மெயின் ரோட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. தெக்கத்திக்காரர், கிறிஸ்தவர். கடையில் வாடகைக்கு விடுகிற பம்புகளே இருக்கும். இவருக்கு ஆயுத பூஜை கிடையாதே என்று ஓட்டமாகப் போனேன். அங்கே பம்பு, டிரில்லிங் மெஷின், தராசு எல்லாவற்றிலும் பூ.

“அண்ணாச்சி, நீங்களுமா?”

“நான் எங்கடே வச்சேன்? கடையில வேல பாக்க பயலுவ வச்சிட்டுப் போயிட்டானுவ. வருசாவருசம் வைப்பானுவ, பொரியும் நாந்தான் வாங்கிக் குடுக்கணும். இப்ப நான் எடுத்துக் குடுத்தேன்னு வையி, நாளைக்கு ஒருத்தன் கையில சுத்தியல் விழுந்தாலும் மொதலாளி பூஜையில இருந்தத எடுத்தாருன்னுதான் சொல்லுவான். எனக்கு எதுக்கு அந்தப் பொல்லாப்பு?” கொஞ்சம் யோசித்து, “ஒரு நல்ல பக்கெட் தாரேன், கொண்டு போறியா?” என்றார்.

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் அன்றைக்கு ஒரு ஸ்பேனர்கூட வேலையில் இல்லை. மற்றவர்களுடையதெல்லாம் முழுசாக இருந்து பூஜையில் இருந்தது. என்னுடையதுதான் துண்டு துண்டாக இருந்து பூஜையில் இருந்தது.

வெறுங்கையோடு திரும்பினேன். அவள் ஷெட்டில் இலைக்கு முன்னால் நின்றிருந்தாள். புதிதாக ஒரு கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அது அணைகிறவரைக்கும் கும்பிட்டபடியே நின்றாள். பிறகு குனிந்து, தன் கையாலேயே ஸ்பேனரை எடுத்து, கண்ணில் ஒற்றி, என்னிடம் நீட்டினாள்.

“மாட்டு.”

“நாளைக்குக் காலைலதானே எடுக்கணும்...”

“சாமிக்கு நாத்துன்னா இன்னான்னு தெரியாதா? நான் சொல்லிக்கினேன். நீ மாட்டுய்யா.”

உட்கார்ந்தேன். செய்தி எப்படிப் போயிற்றோ, டீக்கடை பெஞ்சு மொத்தமும் குடையோடு ஷெட் வாசலுக்கு வந்துவிட்டது. நான் ஒரு போல்ட்டை எடுப்பேன், மூன்று ஓட்டைகளில் வைத்துப் பார்ப்பேன், நாலாவதில் அது பொருந்தும். ஸ்பார்க் பிளக்கிலிருந்து சந்தனத்தைச் சுரண்டினேன். பம்பின் கார்புரேட்டருக்குள்ளிருந்து ஒரு பொரி வந்தது. எப்படிப் போனது என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் பம்பு பம்பு மாதிரியே தெரிந்தது. இலையில் ஒரு போல்ட் மிச்சம் இருந்தது.

“மிச்சத்த உண்டியல்ல போட்டுடு மாமு” என்றது ஒரு குரல்.

வேன் கார்புரேட்டரில் கை வைக்க நேரமில்லை. மழையில் மீஞ்சூர் வரைக்கும் வர எந்த ஆட்டோவும் சம்மதிக்கவில்லை. “ரயிலு” என்றாள் அவள். பம்பின் டேங்க் காலியாக இருந்ததால் ரயிலில் ஏற்றலாம். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஹோஸ்களைச் சுருட்டி என் தோளில் மாட்டிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு நடந்தோம். மாலையைக் கழற்ற அவள் விடவில்லை. தொட்டது ஒரு தப்பு, மாலையையும் கழற்றி இன்னொரு தப்பு சேர்க்க வேண்டாம் என்றாள்.

கூடைக்காரர்கள் ஏறுகிற பெட்டியில் ஏறினோம். காலிக் கூடையோடு எண்ணூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த மீன்கார அம்மா ஒருத்தர், பம்பை மேலிருந்து கீழே பார்த்தார்.

“இன்னா நைனா, சாமி ஊர்வலமா? மோளம் எங்க?”

“பம்பும்மா. வயல்ல தண்ணி பூந்திச்சி.”

“பம்புக்கா இவ்ளோ பூவு! எங்கூட்டு ஆளுக்கு கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இத்தினி போடல.” பெட்டி முழுக்கச் சிரித்தது. அவர் கூடையை நகர்த்தி இடம் பண்ணினார். “வையி, வையி. சாமி நின்னுகினு வந்தா நமக்குத்தான் பாவம்.”

அடுத்த ஸ்டேஷனில் ஏறிய ஒரு தாத்தா பம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். என் மனைவி அப்போதும் சிரிக்கவில்லை. கதவோரமாக நின்று வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எண்ணூர் தாண்டியதும் மேகம் இன்னும் கறுப்பாக இருந்தது. அவள் உதடு அசைந்தது. எனக்குப் பேச நிறைய இருந்தது, பேசவில்லை. என் வாழ்க்கையில் அபூர்வமான பயணம் அது.

வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்றங்காலே தெரியவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அங்கங்கே பச்சையாக நுனிகள். பெரியவர் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் சைக்கிள்.

“இன்னாம்மா, பம்ப மாப்ள கணக்கா ஜோடிச்சி இட்டாந்துகீறீங்க.”

அவர் கொடுத்த பெட்ரோலையும் கிருஷ்ணாயிலையும் ஊற்றி, கயிற்றைச் சுற்றி இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தேன். மாலை அறுந்து விழுந்தது. இன்னும் இழுத்து, தோள்பட்டை கழன்றுவிடும் என்று நினைத்த நேரத்தில் பம்பு இருமி, புகை விட்டு, ஓட ஆரம்பித்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் மாட்டிய இன்ஜின்! ஒரு போல்ட் குறைவாகவே ஓடுகிறது!

தண்ணீர் மட்டும் வரவில்லை. ஹோஸ் கொர்ர் என்று காற்றை இழுத்தது. நிறுத்தி, பம்பின் வாய் வழியாகத் தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளப்பினேன். அதே கொர்ர்.

“உன்ன மாதிரியே கீது தம்பி” என்றார் பெரியவர். “சத்தம் நல்லா வருது.”

உறிஞ்சுகிற ஹோஸ் பம்போடு சேருகிற இடத்தில் விரல் வைத்தேன். காற்று அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தேன். அங்கே ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். இல்லை.

“கறுப்பா, தடியா ஒரு வாஷர் இருந்துச்சேமே. வளையல் மாதிரி.”

அவள் முகம் மாறியது. “வளையல் மாதிரியா?”

“ஆமா.”

“எலுமிச்சம்பழம் உருண்டுகினே இருந்துச்சிங்க...” என்றாள் மெதுவாக. “அதுக்கு அடியில வெச்சேன்.”

‘ங்க’ வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், கோபப்பட முழு உரிமை எனக்கு முதல்முறையாகக் கிடைத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தப் பக்கம் கோரை மண்டி, மண் சரிந்து, நான் ஞாயிறு ஞாயிறாகத் தூர் வாராமல் விட்ட வடிகால் கண்ணெதிரே கிடந்தது. அது திறந்திருந்தால் இந்தப் பம்பே தேவையில்லை. உரிமையை அப்படியே மடித்து வைத்துக்கொண்டேன்.

மழை வலுத்தது. அவள் பெரியவரின் சைக்கிளைப் பார்த்தாள். பெரியவர் அவள் பார்க்கிற இடத்தைப் பார்த்தார்.

“அய்ய, ட்யூபு புச்சும்மா. இப்பத்தான் மாத்தினேன்.”

அவள் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவர் பெருமூச்சு விட்டு, தன் கொட்டகைக்குள் போய் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தார். அதிலும் பொட்டு இருந்தது. “இன்னிக்கி எதுவும் தொடக் கூடாதுன்னு எங்கூட்ல சொல்லிகினுகீறாங்க. உங்க குடும்பத்தால என் பூஜையும் போச்சி” என்று முணுமுணுத்துக்கொண்டே டயரைப் பிரித்து, ட்யூபை உருவி, பட்டை பட்டையாக அறுத்துக் கொடுத்தார். இணைப்பில் அதை இறுக்கச் சுற்றிக் கட்டினேன். கயிற்றை இழுத்தேன். கொர்ர் என்றது, விக்கியது, பிறகு தண்ணீர் வெளியே போகிற ஹோஸ் பாம்பு மாதிரி நெளிந்து, கால்வாய்ப் பக்கமாகச் செம்மண் தண்ணீரைக் கக்கியது.

“ஹே!” என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை. அவளும் பெரியவரும் அதற்குள் அவர் கொட்டகை மண்வெட்டிகளோடு வடிகாலில் இறங்கிவிட்டார்கள். நானும் இறங்கப் போனேன்.

“நீ அங்கியே இரு. எதையும் கழட்டாத. பாத்துகினு இரு, போதும்” என்று அங்கிருந்தே குரல் வந்தது.

பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு இயந்திரத்துக்குப் பக்கத்தில் அதைத் தொடாமல் நான் அவ்வளவு நேரம் நின்றதே கிடையாது. கை அரித்தது. ஒரு நட் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது, அதை ஒரே ஒரு சுற்று இறுக்கினால் தேவலை என்று மனசு அடித்துக்கொண்டது. கையிரண்டையும் அக்குளில் செருகிக்கொண்டேன். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வடிகால் ஒரு பக்கமாகத் திறந்து, தண்ணீர் சலசலவென்று இறங்கியது. நாற்று நுனிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சேறு அப்பி, தலை சாய்ந்து, அடி வாங்கிய மாதிரி. அவள் முழங்கால் சேற்றில் நடந்து போய், தெளிந்த தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி அவற்றின் மேல் தெளித்தாள். இட்லித் தட்டில் தண்ணீர் தெளிக்கிற அதே கை.

மறுநாளிலிருந்து வெயில் காய்ந்தது. தண்ணீர் அதிக நேரம் நின்ற தாழ்ந்த பக்கம் முழுக்கப் பழுத்து, அழுகிப்போயிற்று. மேட்டுப் பக்கம் கொஞ்ச நாள் மஞ்சளாக யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, பச்சைக்குத் திரும்பியது. கிட்டத்தட்டப் பாதி தேறும் என்றார் பெரியவர். பாதி போயிற்று என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பம்பு வயல் கொட்டகைக்கே போய்விட்டது. பூட்டுச் சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. பெரியவருக்கு நான் புது ட்யூப் வாங்கிக் கொடுத்தேன். நானே மாட்டித் தருகிறேன் என்றேன். “வேணாம் தம்பி, சைக்கிளு எனக்கு ஒண்ணுதான் கீது” என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நடவு நாளன்று நாற்று வயலின் பாதிக்கு வந்ததும் தீர்ந்துபோயிற்று. மீதி வெறும் தண்ணீராக வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. தன் வயலில் மிஞ்சிய நாற்றைத் தருவதாகப் பெரியவர் சொன்னார். இவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

“நான் வுட்ட நாத்து எவ்ளோ கீதோ அவ்ளோதான். இன்னொருத்தர் நாத்த நட்டுட்டு எங்க அண்ணன்கிட்ட நான் போட்டேன்னு எப்பிடிச் சொல்றது?”

எனக்கென்று வரப்போரமாக ஒரு வரிசை கொடுத்தாள். நட்டேன். நடவுக்கு வந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து அதைப் பார்த்துவிட்டு, “யக்கா, இது இன்னாது, பிரேக் புடிக்காத லாரி போன மாதிரி கீது?” என்றாள். அன்றைக்குத்தான் என் மனைவி சிரித்தாள். அந்தப் பெண்ணின் வாக்கியத்தை நான் அங்கேயே பத்திரப்படுத்திக்கொண்டேன்.

அப்போது அவள் அண்ணனின் போன் வந்தது. சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

“ஆமா, நட்டாச்சி... இல்ல, முழுசா இல்ல. பாதி.” அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேச்சு. இவள் நட்ட பாதியையே பார்த்துக்கொண்டு கேட்டாள். “பாதின்னா பாதிதாண்ணா. இந்தப் பாதி அறுப்புக்கு வரும். வந்தா நெலம் எங்கிட்டயே இருக்கட்டும். வரலன்னா அப்ப பேசு. இப்ப எனக்கு வேல கீது.”

போனை மடியில் செருகிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னாங்க, நின்னுகினுகீறீங்க? வடிகாலு இன்னும் அந்தக் கடைசி வரிக்கும் தொறக்கல. வானத்தப் பாருங்க.”

பார்த்தேன். கடல் பக்கமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. வேன் என்று ஒன்று வீட்டில் இருப்பதைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடிகாலில் இறங்கினேன். அவளும் பின்னாலேயே பாண்டோடு இறங்கினாள்.